திருப்பிரிதியில் ஒரு சாயங்காலம்

பனிச்சறுக்கு விளையாடுவதற்கென்று இமயமலைக்குப் போகிறவர்கள் இப்போது தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். உத்தராகண்ட மாநிலத்தின் சமோலி ஜில்லாவில், கடல்மட்டத்துக்கு மேல் 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரையில் ஏறிச் செல்லும் ஔலி என்னும் புல்வெளிச் சரிவு அவர்களிற் பலர் நாடிப் போகும் இடம். அந்தச் சரிவுக்குக் கீழே, மலையின் மடியில் படிப்படியாக அமைந்திருக்கும் ஜோஷிமடம் என்ற சிற்றூரை மூட்டை முடிச்சுகளை இறக்கி ஏற்றும் துறையாகவும், உண்டு உறங்கும் சத்திரமாகவும் மட்டுமே கருதி, ஒரு நாழிகையேனும் அதன் வீதிகளில் நடக்காமல் விடிந்ததும் மேலே ஏறிவிடுகிறவர்கள் அநேகர். அது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். பனியின்மேல் கழிக்கும் பகற்பொழுது உடம்புக்கும் உள்ளத்துக்கும் அளிக்கும் உற்சாகத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சரிவுக்கு வாயிலாக நிற்கும் ஊரை ஒரு சாயங்காலமாவது நிதானமாகச் சுற்றிப் பார்த்தவனுக்கே, தான் எத்தகைய மண்ணின்மேல் விளையாடினோம் என்பது விளங்கும்.

சேலத்தை அடுத்த எங்கள் ஓமலூர்ச் சமவெளியிலிருந்து புறப்படுகிறவனுக்கு இந்தப் பிரயாணத்தில் ஒரு தனிச் சம்பந்தமும் உண்டு. காசியில் தொடங்கி நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர், தருமபுரி வழியாக ஓமலூரைத் தொட்டுச் சேலம், நாமக்கல், மதுரை கடந்து கன்னியாகுமரியில் முடிந்த பெருவழியை நெடுங்காலம் ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை என்றே நாம் அழைத்து வந்தோம். 2010ஆம் வருஷத்தில் நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புது எண்கள் வழங்கப்பட்டபோது நம் சாலை நாற்பத்து நான்காம் எண்ணைப் பெற்றது. ஏழு என்ற எண்ணோ, பஞ்சாபின் எல்லையிலிருந்து ரிஷிகேசம், ஜோஷிமடம், பத்ரிநாதம் வழியாகத் திபெத் எல்லையை அடுத்த மாணா கிராமம் வரையில் செல்லும் மலைவழிக்குப் போய்ச் சேர்ந்தது. ரிஷிகேசத்திலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரம், கங்கையையும் பிறகு அலகநந்தையையும் பக்கத்தில் விடாமல் அந்த வழி ஏறிச் செல்கிறது. பாகீரதியும் அலகநந்தையும் கூடிக் கங்கையென்று பெயர் பெறும் தேவப்பிரயாகை, மந்தாகினி வந்து சேரும் ருத்திரப்பிரயாகை, பிண்டார் நதி கலக்கும் கர்ணப்பிரயாகை, நந்தாகினி கலக்கும் நந்தப்பிரயாகை என்று நான்கு சங்கமங்களை வரிசையாகக் கடந்த பிறகுதான் ஜோஷிமடம் வருகிறது. ஐந்தாவதான விஷ்ணுப்பிரயாகை, தௌலிகங்கை அலகநந்தையோடு சேரும் இடமாக, ஊருக்குச் சற்று அப்பால் ஆழத்தில் இரைந்துகொண்டிருக்கிறது.

உயரம் ஒன்றே பனிக்குக் காரணம் என்று எண்ணிக்கொண்டு போகிறவனுக்கு இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். ஜோஷிமடத்தின் உயரம் சுமார் 1,890 மீட்டர். நம் உதகமண்டலத்தின் உயரமோ 2,240 மீட்டர். உதகையிலே மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெண்பொடியாகப் படிவதுண்டே தவிர, வானத்திலிருந்து பனி பொழிந்து நிலத்தை மூடுவதில்லை. அதைவிடத் தாழ்ந்த ஜோஷிமடத்திலோ குளிர்காலத்தில் கூரைகளின்மேல் பனி விழுவது சகஜம். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொரு பாகையிலும், ஜோஷிமடம் முப்பது பாகையைத் தாண்டியும் இருக்கின்றன. ஆகவே தை மாதத்துச் சூரியன் அங்கே தாழ்வாகச் சென்று, சாய்ந்த கதிர்களையே வீசுகிறது. இரண்டாவது, மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு பாரசீகம், ஆப்கானிஸ்தானம் ஆகிய தேசங்களைக் கடந்து வரும் குளிர்காலக் காற்றுச் சுழல்கள் இமயத்தில் மோதித் தங்கள் ஈரத்தைப் பனியாக உதிர்த்துவிடுகின்றன. மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலை சாஸ்திரிகள் குறிப்பிடும் அந்தச் சுழல்கள் வந்தால் ஔலிக்கு வாழ்வு. வராவிட்டால் பெருஞ்செலவில் சித்தம் செய்த சரிவும் வெறும் பழுப்புப் புல்தரையே. ஔலியில் குளம் ஒன்று வெட்டி, அதன் நீரை இயந்திரங்களால் பனித்துகளாக்கித் தூவும் ஏற்பாடு இருந்தும், பனி போதாமையால் போட்டிகள் கைவிடப்பட்ட வருஷங்கள் உண்டு.

பனிச்சறுக்கு விளையாட்டின் பிறப்பிடம் வடதுருவத்தை அடுத்த நாடுகள். பின்லாந்தின் வடபகுதியிலும் ஸ்வீடனிலும் சதுப்பு நிலங்களில் புதைந்து கிடந்து அகப்பட்ட மரப்பலகைகள் சுமார் 5,000 ஆண்டுப் பழமை உடையவை என்று கணித்திருக்கிறார்கள். ஆளின் பாரத்தை நீண்ட பலகையின்மேல் பரப்பிவிட்டால் கால் பனியில் புதையாது என்ற எளிய உண்மையைக் கண்டுகொண்ட வேடர்களும் இடையர்களும், அடுத்த கிராமத்துக்குப் போவதற்கும் மானைத் துரத்துவதற்கும் பயன்படுத்திய வாகனமே காலக்கிரமத்தில் விளையாட்டுக் கருவியாயிற்று. பின்லாந்தில் அது இன்னமும் பெரும்பாலும் சமதரை நடையாகவே விளங்குகிறது. மக்கள் காட்டுவழியில் மைல் கணக்காகப் பலகை தள்ளிச் சென்று, மாலையில் ஓர் ஊரை அடைகிறார்கள். ஔலியில் நடப்பதோ சரிவில் இறங்கும் வகையைச் சேர்ந்தது. கனத்த பாதரட்சையைப் பலகையோடு பிணைத்துக்கொண்டு, முழங்கால்களை மடக்கி, உடலைச் சற்றே முன்னுக்குச் சாய்த்து நின்றால் பூமியின் ஆகர்ஷணமே இழுத்துச் செல்கிறது. பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பகுதிகளை அகலவிரித்தால் வேகம் தணிகிறது. புதிதாகக் கற்பவன் முதலில் பயில்வது ஓடுவதையன்று, இந்த நிற்கும் வித்தையையே. ஔலியின் சரிவுகளில் முதலில் பயின்றவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். எல்லையைக் காக்கும் இந்தோ-திபெத்திய எல்லைப் போலீஸ் படையினரின் மலையேற்றப் பயிற்சிக்கூடம் அங்கேதான் அமைந்திருக்கிறது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் அங்கே நடந்ததிலிருந்து அதன் பெயர் தேசமெங்கும் பரவியது.

பயிற்சி முடிந்து சரிவிலிருந்து இறங்குகிற வேளையிலேயே சாயங்காலம் தன் காட்சியைத் தொடங்கிவிடுகிறது. கிழக்கே 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கும் நந்தாதேவி, பள்ளத்தாக்குகளெல்லாம் நிழலில் மூழ்கிய பின்னும், மறைந்த சூரியனின் கதிர்களைத் தான் மட்டும் ஏந்திக்கொண்டு, முதலில் பொன்னாகவும், பிறகு செம்பாகவும், கடைசியில் சாம்பல் பூத்த நீலமாகவும் மாறுவதைப் பார்த்தவாறே இறங்கவேண்டும். சாயும் சூரியனின் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் ஊடுருவி வருவதால் நீல நிறக் கதிர்கள் வழியில் சிதறிப்போக, எஞ்சிய செங்கதிர்களே சிகரத்தை எட்டுகின்றன என்று காரணம் சொல்லலாம். காரணம் தெரிந்ததனால் அந்தக் காட்சியின் கம்பீரம் சிறிதும் குறைவதில்லை. கருப்பூருக்கும் ஓமலூருக்கும் இடையில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் கரடுகள் உச்சிவெயிலில் கண்ணைக் கூசவைப்பதைக் கண்டு வளர்ந்த என் போன்றவருக்கு, மலை முழுவதுமே வெண்மையாக நின்றும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது முதற்பாடமாக அமைகிறது.

தை மாதத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் ஊரில் விளக்கேற்றிவிடுகிறார்கள். 2011ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி 16,709 பேர் வாழ்ந்த இந்த ஊர், அகலத்தால் அன்று, உயரத்தால் அளக்கத்தக்கது. நெடுஞ்சாலையே கடைவீதி, அதற்கு மேலும் கீழும் படிக்கட்டுகளாலும் குறுக்குச் சந்துகளாலும் இணைந்த வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன, ஒருவர் வீட்டு முற்றம் இன்னொருவர் வீட்டுக் கூரைக்குச் சமமாக இருக்கிறது. கம்பளிக் கடைகளில் தொங்கும் சால்வைகளும் விரிப்புகளும் இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தைச் சொல்வன. மாணா, நீதி ஆகிய உயர்ந்த பள்ளத்தாக்குகளில் வாழும் போட்டியா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கணவாய்களைக் கடந்து திபெத்துக்குத் தானியம் கொண்டுபோய், உப்பும் கம்பளி மயிரும் கொண்டுவந்தவர்கள். 1962ஆம் வருஷத்து யுத்தத்தோடு அந்த வியாபாரம் நின்றுபோயிற்று. ஆயினும், பனிக்காலத்தில் மேல்கிராமங்களைப் பூட்டிவிட்டுத் தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கி வருவதும், தறியும் ஊசியுமாகக் குளிர் மாதங்களைக் கழிப்பதும் அவர்களிடையே மறையவில்லை.

உணவு விஷயத்தில் நம் பக்கத்தவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. இந்த மலைநாட்டார் மண்டுவா என்று சொல்லி ரொட்டியாகத் தட்டிச் சுட்டுத் தின்னும் கரிய தானியம் வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகே. ஜங்கோரா என்று வழங்குவது நம் குதிரைவாலி. சேலத்துப் புன்செய்க் காடுகளில் நாம் களியாகக் கிண்டி உண்பதை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பனிமலையின் படிக்கட்டு வயல்களில் விளைவித்து நெய் தடவி உண்கிறார்கள். மண்ணும் மழையும் கஞ்சத்தனம் செய்கிற இடங்களிலெல்லாம் இந்தச் சிறுதானியங்களே மனிதனைக் காப்பாற்றியிருக்கின்றன என்பது அந்த ரொட்டியைச் சுவைக்கும்போது நன்றாக விளங்குகிறது.

கடைவீதியிலிருந்து கீழே இறங்கிச் செல்லும் வழி நரசிங்கப் பெருமாளின் ஆலயத்தில் கொண்டுபோய் விடுகிறது. தமிழ் யாத்திரிகன் இங்கே அந்நியனல்லன். திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியின் தொடக்கத்திலேயே பதிகம் பாடிப் போற்றிய திருப்பிரிதி என்னும் திவ்விய தேசம் இதுவே என்பது வைணவர்களிற் பலர் கொள்கை. சோழநாட்டுத் திருவாலியைச் சேர்ந்த ஓர் ஆழ்வாரின் வாக்கு, ரயிலும் மோட்டாரும் இல்லாத ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்களுக்கு முன்பே, இந்தப் பனிச்சரிவை நம் வீட்டுப் பூஜையறைகளுக்குக் கொண்டுவந்துவிட்டது. சாளக்கிராமத்தால் ஆன அந்த நரசிங்க மூர்த்தியின் ஒரு கரம் நாளுக்கு நாள் மெலிந்துவருவதாகவும், அது முறிந்து விழும் நாளில் விஷ்ணுப்பிரயாகையை அடுத்த மலைகள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பத்ரிநாதத்துக்குப் போகும் வழியை மூடிவிடும் என்றும், அதன்பின் தபோவனத்துக்கு அப்பாலுள்ள பவிஷ்ய பத்ரியில் பெருமாள் காட்சி தருவார் என்றும் இவ்வூர் ஜனங்கள் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள்.

குளிர்காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஒரு தனிப் பெருமை சேர்கிறது. 3,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த பத்ரிநாதத்தில் கார்த்திகை மாதத்தோடு நடை சாத்தப்பட்டதும், உத்தவர், குபேரர் ஆகியோரின் திருமேனிகள் வழியிலுள்ள பாண்டுகேஸ்வரத்தில் தங்க, ஆதிசங்கரரின் பீடம் ஊர்வலமாக ஜோஷிமடத்து நரசிங்கர் சந்நிதிக்கு எழுந்தருளுகிறது. சித்திரை, வைகாசியில் மறுபடி நடை திறக்கும் வரையில் அதற்குரிய ஆராதனைகள் இங்கேயே நடக்கின்றன. பத்ரிநாதத்தின் தலைமை அர்ச்சகரான ராவலோ கேரளத்து நம்பூதிரி. கோடைக்காலத்து யாத்திரிகர் கூட்டம் காணாத இந்த அமைதியான வழிபாட்டை, பனிச்சறுக்குக்காக வந்தவன் அதிக முயற்சியின்றிக் காணும் பாக்கியம் பெறுகிறான்.

ஊரின் மேல்பக்கத்தில் ஜோதிர்மடம் இருக்கிறது. சங்கரர் நான்கு திசைகளில் ஸ்தாபித்த மடங்களில் வடதிசைக்குரியது இது. தோடகாசாரியர் இதன் முதல் அதிபதி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குருபரம்பரை அறுந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பீடம் வெறுமையாகக் கிடந்து, 1941ஆம் வருஷத்தில் பிரம்மானந்த சரஸ்வதி சுவாமிகள் பட்டமேற்றபோது மறுபடி உயிர்பெற்றது. அரசாங்கமும் 2024ஆம் வருஷத்தில் இந்தத் தாலுகாவின் பெயரை ஜோதிர்மடம் என்றே மாற்றியிருக்கிறது. மடத்தின் அருகே, சங்கரர் நிழலில் தவம் செய்ததாகச் சொல்லப்படும் கல்பவிருட்சம் ஒன்று நிற்கிறது. அது ஒரு முசுக்கட்டை மரம். தருமபுரி, சேலம் பக்கங்களில் பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரி என்று சொல்லி இடுப்பளவுக்கு வெட்டி வெட்டி இலை பறிக்கும் அதே இனம். வெட்டாமல் விட்டால் அது எவ்வளவு பருத்து எத்தனை தலைமுறைகளைக் காணும் என்பதற்கு அந்த மரம் சாட்சி.

இவ்வளவு புராதனமான ஊரின் தெருக்களில் நடக்கும்போது சுவர்களையும் சற்றுக் கவனிக்கவேண்டும் என்று சொல்லுவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலானேன். ஜோஷிமடம் கெட்டியான பாறையின்மேல் கட்டப்பட்ட ஊரன்று. என்றோ ஒரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து குவிந்த மண்ணும் மணலும் உருண்டைக் கற்களுமான குவியலே அதன் அஸ்திவாரம். 1976ஆம் வருஷத்திலேயே கட்வால் கமிஷனர் மிஸ்ராவின் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்து, இங்கே கனத்த கட்டடங்கள் எழுப்பலாகாது, சரிவிலுள்ள பாறைகளைத் தோண்டவோ வெடிவைத்துத் தகர்க்கவோ கூடாது, சாக்கடை நீர் மண்ணுக்குள் இறங்காதபடி வடிகால் அமைக்கவேண்டும், மரங்களை நட்டு வளர்க்கவேண்டும் என்று தெளிவாக எழுதிவைத்தது. அந்த யோசனைகள் பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிட்டன. விடுதிகள் மாடிமேல் மாடியாக எழுந்தன, சாலைகள் அகலமாயின, மலைக்குள் நீர்மின் திட்டத்துக்கான சுரங்கங்கள் குடையப்பட்டன, கழிவுநீரோ குழிகளில் இறங்கிச் சரிவுக்குள்ளேயே ஊறியது. அடியிலே அலகநந்தையும் தௌலிகங்கையும் கரையை அரித்துக்கொண்டேயிருந்தன. 2021 பிப்ரவரி 7ஆம் தேதி அருகிலுள்ள ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கில் பாறையும் பனியும் இடிந்து விழுந்து பெருவெள்ளம் புறப்பட்டு, இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர்.

2023ஆம் வருஷம் பிறந்தபோது ஊரே நகரத் தொடங்கியது. வீடுகளில் விரல் நுழையும் பிளவுகள் தோன்றின. ஓரிடத்தில் தரையைப் பிளந்துகொண்டு சேற்றுநீர் பீறிட்டது. இரண்டு விடுதிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, இடித்துத் தள்ளவேண்டியவை ஆயின. 2022 டிசம்பர் 27ஆம் தேதிக்கும் 2023 ஜனவரி 8ஆம் தேதிக்கும் இடையே, பன்னிரண்டே நாட்களில், ஊரின் ஒரு பகுதி 5.4 சென்டிமீட்டர் அமிழ்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. எண்ணூறு கட்டடங்களுக்கு மேல் வெடிப்புக் கண்டன. குடியிருக்கத் தகாதவை என்று சிவப்புக் குறியிட்ட வீடுகளை விட்டு, உறையும் குளிரில், குடும்பங்கள் வெளியேறின. பழனியில் நாம் ரோப்கார் என்று சொல்கிறோமே, அதைப் போன்று ஆனால் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஜோஷிமடத்திலிருந்து ஔலி வரையில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற கம்பிவட வண்டியும், அதன் நிலையத்தருகே நிலம் பிளந்ததனால் நிறுத்தப்பட்டது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றி நிபுணர்களிடையே வாதங்கள் உண்டு. தாங்கும் சக்திக்கு மேல் இந்த மண்ணின்மீது பாரம் ஏற்றப்பட்டது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

இதே பள்ளத்தாக்கு நமக்கு மருந்தையும் காட்டியிருக்கிறது. ஜோஷிமடத்திலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் உள்ள ரேணி கிராமத்தில், 1974 மார்ச் 26ஆம் தேதி, ஆண்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை, கௌரா தேவி என்ற பெண்மணியின் தலைமையில் கிராமத்துப் பெண்கள் காட்டுக்குள் சென்று மறித்துத் திருப்பியனுப்பினார்கள். மரங்களைக் காக்க எழுந்த சிப்கோ இயக்கத்தின் மகத்தான நிகழ்ச்சிகளில் ஒன்று அது. சரிவின் மண்ணை வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன, வேர் போனால் ஊர் போகும் என்பதை அவர்கள் எந்தக் குழுவின் அறிக்கையையும் படித்து அறிந்தவர்களல்லர்.

தூரதேசத்து உதாரணம் ஒன்றும் இங்கே பொருந்தும். பின்லாந்தின் வடபகுதியில், கெமி, ஔனாஸ் என்ற இரண்டு நதிகள் கூடும் இடத்தில், ரோவானியெமி என்ற நகரம் இருக்கிறது. பனிச்சறுக்குப் பிரயாணிகளின் தலைவாசலாக விளங்கும் அதனை, 1944ஆம் வருஷத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஏறக்குறைய முழுவதும் எரித்துவிட்டுப் போயிற்று. சாம்பலிலிருந்து ஊரை எழுப்பப் புகுந்தபோது, அந்நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ முதலில் நகரம் முழுவதற்கும் ஒரு திட்டப்படம் வரைந்து, நிலத்தின் அமைப்பை ஒட்டிச் சாலைகளை வகுத்தார். கட்டடங்கள் அதன் பிறகே எழுந்தன. நிலத்தை அறிந்து, அது தாங்கும் அளவுக்கே ஊரை அமைப்பது என்ற அந்தக் கிரமத்தை, அழிவுக்குக் காத்திராமல், அழிவுக்கு முன்னேயே கைக்கொள்வதுதான் இமயத்தின் ஊர்களுக்கு இன்று வேண்டியது.

இது அரசாங்கத்தின் காரியம் மட்டும் என்று உல்லாசப் பிரயாணி கைகழுவிவிட முடியாது. அவன் கேட்கிற வெந்நீர்த் தொட்டியும், அறைக்கு அறை குளிப்பிடமும், சிகரம் தெரியும் நான்காவது மாடியுமே விடுதிக்காரரை மேலும் மேலும் கட்டத் தூண்டுகின்றன. அந்த ஊரார் பிழைப்பதற்கு நம் வருகை தேவை. ஆகையால் போகாமல் இருப்பது தர்மமாகாது. போகிற விதத்தைத் திருத்திக்கொள்வதே தர்மம். நம் வாசல்படியிலுள்ள சேர்வராயன் மலைக்கும் இந்த நியாயம் பொருந்தும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும் நாம், ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு இறங்குகிறோமே தவிர, அந்த மலை எத்தனை கட்டடங்களைத் தாங்கும், அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இது: ஔலிக்குப் போனால் ஒரு சாயங்காலத்தை ஜோஷிமடத்துக்கென்று ஒதுக்குங்கள், நரசிங்கர் சந்நிதியில் நின்று திருப்பிரிதியை நினையுங்கள், உயர்ந்த மாடிகளைத் தவிர்த்து, ஊர்க்காரர் தம் வீட்டோடு நடத்தும் சிறிய விடுதியில் தங்குங்கள், நீரை அளந்து செலவிடுங்கள், குப்பையை உங்களோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள். எந்த மலையூருக்குப் போனாலும் சிகரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் வடிகாலைப் பாருங்கள், அங்குள்ளவர்களிடம் அதைப் பற்றி விசாரியுங்கள். விருந்தினராகப் போகிறவர்களுக்கு வீட்டின் சுவர்களிலும் அக்கறை இருக்கவேண்டும்.